தோட்டத்து வீடுகளுக்குக் காவல் வேண்டும்

2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த தந்தை, தாய், மகன் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். ஐந்தாறு மாதங்களில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, அதேபோன்ற வீட்டில் வயதான தம்பதி கொல்லப்பட்டனர். பிள்ளைகள் அழைத்தும் போனை எடுக்க ஆள் இல்லாமல் உறவினர் நேரில் போய்ப் பார்த்த பிறகே அந்தக் கொடுமை தெரிந்தது. அதற்குள் சில நாள்கள் கழிந்திருந்தன. சிவகிரி வழக்கில் பிடிபட்டவர்களே பல்லடம் கொலைகளையும் செய்தார்கள் என்று காவல்துறை அறிவித்தது.

அதன்பின் கொங்கு வட்டாரத்தில் எழுந்த குரல்களில் ஒன்று, முதியவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள் என்பது. அந்த அச்சம் நியாயமானது. அந்தத் தீர்வு நியாயமானதல்ல. இரவில் வீடு உடைத்து நுழைபவனைத் தடுக்கையில் அவன் உயிரே போனாலும் அது தற்காப்பு என்று ஏற்க பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு இடம் தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்திலும் இந்த உரிமை இருந்தது. ஆனால் தூக்கத்தில் தாக்கப்படும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த உரிமை எப்படிக் கைகொடுக்கும்? சேமலைகவுண்டம்பாளையத்தில் மகன் உடனிருந்தும் யாரும் பிழைக்கவில்லை. கண்காணிப்பு கேமராவும் நல்லதுதான். ஆனால் அது பெரும்பாலும் நடந்து முடிந்ததைத்தான் காட்டும். பதிவுப் பெட்டியையே கழற்றிக்கொண்டு போனால் அதுவும் இல்லை.

இந்த வீடுகளின் இருப்பைப் பார்க்க வேண்டும். ஊருக்குள் தெருவாக அமைந்த வீடுகள் அல்ல இவை. அவரவர் நிலத்தில், கிணற்றை ஒட்டி, தனித்தனியே நிற்கும் சாளைகள். கத்தினால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்காது. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் மோட்டார் போட இருட்டில் வெளியே வந்தாக வேண்டும். பிள்ளைகள் கோவையிலோ பெங்களூருவிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். மாடு கன்றை விட்டுவிட்டு முதியவர்களால் அங்கே போய்க் குடியிருக்க முடியாது. அவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று நகரத்துப் பிள்ளைகள் சலித்துக்கொள்வதில் நமக்கு உடன்பாடில்லை.

செய்ய வேண்டியது சட்டத்திலேயே இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இன் 22ஆம் பிரிவு, முதியோரின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் தரும் விரிவான செயல்திட்டத்தை மாநில அரசு வகுக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசின் மாதிரி விதிகள் இன்னும் தெளிவானவை: ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் தனியாக வாழும் முதியவர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது அவர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சிவகிரிக்குப் பிறகு ரோந்து கூட்டப்பட்டதை வரவேற்கிறோம். ஆனால் தார்ச்சாலையில் போகும் ரோந்து வண்டிக்கு, மண் தடத்தில் ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சாளையில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. வீட்டுக்காரரின் பெயரும் உடல்நிலையும் வேலையாள்களின் விவரமும் அறிந்த காவலர் ஒருவர் மாதம்தோறும் வாசலில் வந்து நிற்பதே பாதுகாப்பு. வெளிமாநிலத் தொழிலாளர்களைச் சந்தேகப்படுவது அதற்கு மாற்றாகாது. சிவகிரி வழக்கில் கைதானவர்கள் உள்ளூர்ப் பகுதிக்காரர்கள்தாம்.

ஆள் பற்றாக்குறை என்று காவல்துறை சொல்லும். உண்மைதான்; அந்தப் பணியிடங்களை நிரப்ப வேண்டியது அரசு.

குடும்பங்களுக்கும் கடமை உண்டு. பத்துப் பவுன் நகையை அம்மாவின் கழுத்திலும் பீரோவிலும் விட்டுவைக்காதீர்கள். வங்கி லாக்கரில் வையுங்கள். தினமும் இரவு ஒரு நேரம், காலை ஒரு நேரம் போன் பேசுங்கள். எடுக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் போய்ப் பார்க்க அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 112 என்ற அவசர எண்ணை அவர்கள் போனில் ஒரே பொத்தானில் அழைக்கும்படி அமைத்துக் கொடுங்கள். தோட்டத்துக்கு வழி சொல்லவும் பழக்குங்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்திலேயே எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊரில் தனியாக இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர், சென்ற மாதம் அவர்களில் எத்தனை பேரைக் காவலர் போய்ப் பார்த்தார்? பதில் வரும்வரை அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.