ஏசியவர் காத்த ஏடு

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் கரையோரமாக வடக்கே போய்வந்த மார்செய் நகரக் கிரேக்கர் பித்தியாஸ் எழுதிய நூல் இன்று இல்லை. அவரைப் புளுகர் என்று வாய் ஓயாமல் ஏசிய புவியியலாளர் ஸ்திராபோவின் பக்கங்களில்தான் அதன் துணுக்குகள் பல பிழைத்துக் கிடக்கின்றன. பிரிட்டனுக்கு வடக்கே ஆறு நாள் பயணத்தில் தூலே என்ற நிலம் இருப்பதாகப் பித்தியாஸ் எழுதினார். அந்தப் பக்கம் நிலமும் நீரும் காற்றும் குழைந்து, ஜெல்லிமீன் போலத் தளதளக்கும் ஏதோ ஒன்று. அதில் நடக்கவும் முடியாது, படகும் போகாது. அது கூழாகிக் கிடக்கும் கடற்பனியாக இருக்கலாம்; அதை முதன்முதலாகப் பார்த்த வெயில்தேசத்துக்காரர் வேறெப்படித்தான் எழுதுவார்? ஓர் ஏழை இவ்வளவு தூரம் எப்படிப் போனான் என்பது வரலாற்றாளர் பொலிபியஸின் சந்தேகம். (பணக்காரர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ!) வானியலாளர் ஹிப்பார்க்கஸோ பித்தியாஸின் நிழல் அளவுகளை நம்பி எடுத்துக்கொண்டார். மார்செய்க்குப் பித்தியாஸ் கணித்த அட்சரேகை ஏறக்குறையச் சரி.