கற்றுக்கொடுக்காமல் வேலை வாங்கினோம்

குடிநோய்ச் சிகிச்சையில் இருக்கும் நாம் எல்லோரும், அதாவது மனநல மருத்துவர்கள், மறுவாழ்வு மையம் நடத்துகிறவர்கள், கல்லூரியில் சமூகப்பணி சொல்லித் தருகிறவர்கள், கூடி உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் ஒன்று உண்டு. மையத்தில் நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர் ஆலோசகர். அடுத்தபடியாக இரவுப் பணியாளர். மருத்துவர் பல இடங்களில் சில மணி நேரம் வந்து மருந்து எழுதிவிட்டுப் போகிறார். மிச்ச நேரம் முழுவதும் நோயாளியின் உயிரும் மனமும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர்களுக்கு நாம் வேலையைக் கற்றுக்கொடுக்கவில்லை.

அவர்கள் யார்? ஒருவர் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு வந்த இருபத்து மூன்று வயதுப் பெண். இரண்டு ஆண்டுப் படிப்பில் போதைநோய் அவருக்கு ஏதோ ஒரு தாளில் ஒரு பாடப்பகுதியாக வந்து போயிருக்கும். இன்னொருவர் அதே மையத்தில் நோயாளியாகச் சேர்ந்து, குடியை விட்டு, அங்கேயே தங்கிவிட்டவர். இந்த இரண்டாமவருக்கு நாம் செய்தது கூடுதல் அநியாயம். குடித்தவனுக்குத்தான் குடிக்கிறவன் வலி தெரியும் என்று சொல்லிச் சொல்லியே அவரை ஆலோசகர் நாற்காலியில் உட்கார வைத்தோம். அவருக்கு வலி தெரியும் என்பது உண்மை. குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களை இத்தனை ஆண்டுகளாகத் தாங்கி நிற்பது அந்த உண்மைதான். ஆனால் அவருக்குத் தெரிந்தது அவர் விட்ட வழி மட்டும். மனச்சோர்வால் குடிக்கும் பெண்ணுக்கும், பதினேழு வயதில் வலிமாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையனுக்கும் அதே வழி செல்லாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க இடம், சொற்பச் சம்பளம் என்று கொடுத்து இரவும் பகலும் அவரை மையத்திலேயே வைத்திருந்தோம். அழுத்தம் தாங்காமல் அவர் மறுபடி குடித்தபோது பெட்டியை வெளியே வைத்துவிட்டு வேறு ஆளைத் தேடினோம். திரும்பக் குடிப்பது இந்த நோயின் இயல்பு என்று மற்ற எல்லோருக்கும் வகுப்பெடுக்கிற நாம், நம் ஊழியருக்கு மட்டும் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

இரவுப் பணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகள் தினமும் குடித்த ஒருவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் டெலிரியம் என்ற கடும் குழப்பநிலை வரலாம். மாலையில் கை நடுக்கம் கூடும், சட்டை நனைய வியர்க்கும், போர்வை நுனியைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார். வாசலில் மைத்துனன் கத்தியோடு நிற்கிறான் என்று அலறுவார். இது உயிர் போகும் நிலை. உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். பயிற்சி பெற்றவருக்கு மாலையிலேயே தெரிந்துவிடும். பயிற்சி இல்லாதவருக்கு நடுராத்திரியில் ஒருவன் ரகளை செய்கிறான் என்றுதான் தெரியும். துண்டால் கட்டிலோடு கட்டுவார், அடங்காவிட்டால் அடிப்பார். சோர்ந்து கிடக்கிறாரே என்று, தயமின் என்ற வைட்டமின் ஊசி போடாமலே குளுக்கோஸ் ஏற்ற ஏற்பாடு செய்யும் இடங்களும் உண்டு. பட்டினி கிடந்து குடித்த உடம்பில் அது மூளையைப் பாதிக்கக்கூடும். மறுவாழ்வு மையத்தில் அடிபட்டு ஒருவர் இறந்தார் என்ற செய்தி வரும்போதெல்லாம் அந்த மையத்தின் பெயரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த ஊழியருக்கு இந்த அறிகுறிகளை ஒருநாள் உட்கார வைத்துச் சொல்லியிருந்தோமா என்று நம்மை நாமே கேட்டதில்லை.

கட்டிப்போடுவது எதில் முடியும் என்று நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். அதன்பின் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. உடலைக் கட்டுப்படுத்தியே தீர வேண்டிய நிலை வந்தால் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும் என்றும் சொல்கிறது. மது, போதைப்பொருளால் வரும் மனநோய்களும் அதே சட்டத்துக்குள்தான் வருகின்றன. இவ்வளவும் நம் அலமாரியில் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு வேலைக்கு வரும் ஆளுக்கு அதில் ஒரு வரியையாவது தமிழில் படித்துக் காட்டினோமா?

ஆலோசனை அறைக்குள் போவோம். அங்கே வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது: “உங்க பொண்டாட்டி புள்ளைய ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தீங்களாண்ணே? இப்படிக் குடிச்சா குடும்பம் என்னாகும்?” எதிரே இருப்பவர் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் கேள்வியை அவர் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அம்மாவிடமிருந்து, மனைவியிடமிருந்து, தெருவில் போகிறவரிடமிருந்து. பயிற்சி பெற்றவர் வேறு மாதிரி கேட்பார்: “போன தீபாவளிக்கு அப்புறம் ரெண்டு மாசம் நிறுத்தி இருந்தீங்கன்னு அக்கா சொன்னாங்க. அது எப்படிண்ணே முடிஞ்சுது?” அந்த மனிதர் நிமிர்வார். தன் வாயாலேயே தன்னால் முடிந்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த இந்த முறை இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. இரண்டு நாள் பட்டறையில் மட்டும் இது படியாது. ஆலோசகர் பேசுவதை மூத்தவர் ஒருவர் கேட்டு, பிறகும் தொடர்ந்து திருத்திவர வேண்டும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நீச்சலைக் கரையில் நின்று பாடம் நடத்திக் கற்றுக்கொடுக்க முடியுமா? நாமோ அந்த இரண்டு நாளோடு நிறுத்திக்கொண்டோம்.

வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை நிறுவினார். சிகிச்சையோடு ஊழியர் பயிற்சியையும் அவர்கள் கையில் எடுத்தார்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் இருக்கிறது. கொழும்புத் திட்ட அமைப்பு, ஆலோசகர்களுக்கென்றே படிப்படியான பாடத்திட்டத்தை உருவாக்கி ஆசிய நாடுகளில் பயிற்றுவித்திருக்கிறது.  ஆனால் நம் ஊழியரை அனுப்பினால் பணியிடம் காலியாகும், சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தோம். அனுப்பிய சிலரும் ஆங்கிலத்தில் நடந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சான்றிதழோடு திரும்பினார்கள். நாள் முழுக்கத் தமிழில் பேசி வேலை செய்கிறவருக்குத் தமிழில் பாடம் வேண்டும் என்பது நமக்கு அவசரமாகப் படவே இல்லை.

தடுப்புப் பணியில் நம் அலட்சியம் இன்னும் வெளிப்படையானது. போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் பள்ளியில் உறுதிமொழி, பேரணி, ஓவியப் போட்டி. அரித்துப்போன கல்லீரலின் படத்தைத் திரையில் காட்டுவோம். முன்னாள் போதை அடிமை ஒருவரை மேடையேற்றி அழவைப்போம். பயமுறுத்தும் தகவலும், மீண்டவரின் சாட்சியமும் மாணவரிடையே பலன் தருவதில்லை, சில நேரம் எதிர்விளைவும் உண்டாகலாம் என்று ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் 2013இல் வெளியிட்ட தடுப்புத் தரநெறிகள் சொல்லிவிட்டன. பயிற்சி பெற்ற ஆசிரியர் வகுப்பறையில் மாணவரைப் பேசவைத்து, மறுப்பதற்கும் கோபத்தைக் கையாள்வதற்கும் பல வாரங்கள் பழக்குவதே பலன் தருகிறது. நமக்கு அந்தப் பல வாரங்கள் நீளமாகத் தெரிந்தன. பேரணி ஒரு காலையில் முடிந்துவிடும், படமும் எடுத்துக்கொள்ளலாம்.

எய்ம்ஸின் தேசிய போதைநோய்ச் சிகிச்சை மையம் தலைமையேற்று நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அதில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். அவ்வளவு தடைகளையும் தாண்டி நம் வாசலுக்கு வந்த அந்த ஒருவரைத்தான் பயிற்சியில்லாத கைகளில் ஒப்படைத்தோம். 2023-24இல் அரசு மதுக்கடைகளான டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதிலிருந்து ஆலோசகர் பயிற்சிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லி நாம் சேர்ந்து குரல் கொடுத்திருக்க வேண்டும். நடத்தை நல ஆலோசகர்களையும் மனநல உதவிப் பணியாளர்களையும் தொழில்முறையாளர்களாக அங்கீகரிக்கும் மத்தியச் சட்டம் 2021இல் வந்தது. நம் கூட்டங்களில் அதை முழுதாக வாசித்தவர்கள் குறைவு.

இனியும் தள்ளிப்போட வேண்டாம். மையம் நடத்துகிறவர்களே, ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் ஆலோசகரைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்புங்கள். இரவுப் பணியாளரையும் சேர்த்து அனுப்புங்கள். மருத்துவர்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து நோயாளிகளைப் பற்றிப் பேசுங்கள், அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். பேராசிரியர்களே, பாடத்தைத் தமிழில் எழுதுங்கள். வீட்டில் ஒருவரை மையத்தில் சேர்க்கப் போகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கட்டணத்தைக் கேட்கும் முன், ராத்திரி யார் இருப்பார்கள், அவர்கள் என்ன பயிற்சி பெற்றவர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் சேர்க்காதீர்கள்.