சிற்றாள் யார்?

பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் காலணித் தொழிற்சாலைகளின் தைப்புப்பொறிகளுக்கு முன் நாள்முழுதும் அமர்ந்திருப்போருள் பெரும்பாலார் பெண்டிரே. அவர்கள் தைத்த காலணி கடல்கடந்து செல்கின்றது; அவர்கள் ஈட்டிய ஊதியத்தால் இல்லத்தில் உலை கொதிக்கின்றது. அவர்கள் வீடு திரும்பும் தெருவிலேயே, அழும் சிறுவனைப் பார்த்து, "என்னடா, பொட்டச்சிபோல் அழுகிறாய்?" என்று ஒருவன் அதட்டுகின்றான். சோறிடும் தாயே அச்சொல்லில் இழிவுக்கு உவமையாகின்றாள்!

'அபலை' வடசொல், வலிமையற்றவள் என்பதே அதன் பொருள். 'பெண்புத்தி பின்புத்தி' என்பதிலும் புத்தி வடசொல்லே. பழியை வடவர்மேல் ஏற்றிவிட்டு அமைதிகொள்வது தமிழ்ப்பற்றாளர்க்கு எளிது. ஆனால் பேதை, வாழாவெட்டி, மலடி என்பன எம்மொழிச் சொற்கள்? கணவனைப் பிரிந்தவள் வாழாவெட்டி. மனைவியைப் பிரிந்தவனுக்கு அப்படியொரு பெயர் உண்டா? மடம் பெண்ணுக்கு அணியென்று இலக்கணமும் கூறிற்று. உரைகாரர் அதற்குக் கூறும் அமைதியும் அவ்விழுக்கை முற்றும் போக்கவில்லை.

கட்டடவேலையில் பெண்ணுக்குச் 'சித்தாள்' என்று பெயர். சிற்றாள் என்பதன் திரிபு அது. செங்கல்லும் கலவையும் தலையிற் சுமந்து மாடியேறுபவள் சிறிய ஆளாம்! பெயர் சிறுத்தால் கூலியும் சிறுக்கும். ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என 1976-இலேயே சட்டம் வந்தும், ஆணாள் கூலி, பெண்ணாள் கூலி என்னும் பிரிவு இன்னும் மாளவில்லை. சொல்லைத் துடைத்தால் கூலி தானே ஏறிவிடாது. எனினும் குறைகூலிக்குச் சான்றாக நீட்டப்படுவது அச்சொல்லன்றோ?

2023 ஆகத்துத் திங்களில் இந்திய உச்சநயமன்றம் பெண்டிரைப் பற்றிய தவறான முன்முடிவுகளைக் களையக் கையேடொன்று வெளியிட்டது. பெண்டிர் அனைவரும் ஆடவர் அனைவரினும் உடல்வலி குன்றியோர் என்பது பொய். வலிமை, பாலை மட்டுமன்றிச் செய்தொழில், உணவு, உடலுழைப்பு முதலியவற்றையும் பொறுத்தது என்று அது கூறுகின்றது. அது களைந்தவை ஆங்கிலச் சொற்கள். தமிழில் களைவது யார் பணி?

1938 நவம்பர் 13-இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.இராமசாமிக்குப் 'பெரியார்' என்னும் பட்டம் வழங்கியது அம்மாநாடே. வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தொகுத்தவரும் அவ்வம்மையாரே. 'ஆண்மை' என்னும் கருத்தே அழியவேண்டும் என எழுதியவர் பெரியார். சொற்களைதலும் பெண்விடுதலையும் அன்று ஒரே மேடையில் அமர்ந்திருந்தன.

இன்றோ, 'தாய்க்குலமே' என விளித்துவிட்டு, மாற்றணியினரைச் 'சேலை கட்டிக்கொள்ளுங்கள்' என எள்ளும் பேச்சாளர் தமிழ் அமைப்புகளிலும் உள்ளனர். 'அபலை'யை நீக்கிய இடத்தில் 'பேதை'யை அமர்த்துவதற்கா தனித்தமிழ்? அடுத்த கூட்டத்தில் அவ்வாறு பேசுவோரை அங்கேயே எழுந்து மறுத்தல் வேண்டும். கூலிக்கணக்கு எழுதும் அன்பர்கள், சித்தாள் என்பதை அடித்துவிட்டுக் கட்டடத் தொழிலாளி என்று எழுதுக. கூலியையும் அவ்வாறே எழுதுக.