வேலைக்குத்தான் போகிறேனே, பிறகென்ன?



மதுவைப் பற்றி நம்மவர்கள் எழுதினால் பெரும்பாலும் இரண்டு பேரைப் பற்றித்தான் எழுதுவோம். ஒருவன் குடித்துவிட்டுக் கால்வாயோரம் விழுந்து கிடப்பவன். இன்னொருவன் நம் பாட்டனுக்குக் கள்ளை ஊற்றிக் கொடுத்த வெள்ளைக்காரத் துரை. இந்த இருவருக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார். காலை ஐந்தரைக்கு எழுந்து வேலைக்குப் போகிறார். பிள்ளைகளின் டியூஷன் காசைக் கட்டுகிறார். கோயில் திருவிழா என்றால் ரசீதுப் புத்தகத்தோடு முதல் ஆளாக நிற்கிறார். மாலையில் வீடு திரும்பும் வழியில் கோப்பிக் கடையில் இரண்டு டின், சில நாள் நான்கு. சம்பள வாரத்தில் கணக்கு இல்லை. அவரை யாரும் குடிகாரன் என்று சொல்வதில்லை. அவரும் தன்னை அப்படி நினைப்பதில்லை. ஆனாலும் சில இரவுகளில், விளக்கை அணைத்த பிறகு, "இது கொஞ்சம் கூடிப் போச்சோ?" என்று அவருக்கே தோன்றுகிறது. விடிந்ததும் அந்த எண்ணம் போய்விடுகிறது.

நான் எழுதுவது அவருக்காக.

இந்தக் கேள்வியைக் கேட்பது நமக்கு மற்றவர்களைவிடக் கடினம். அதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத் தோட்டங்களில் உரிமத்தோடு கள்ளுக்கடை நடந்தது. கொடுத்த கூலியில் ஒரு பங்கு அந்தக் கடை வழியாகத் திரும்பிப் போனது. நம் முன்னோர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை! 1947இல் கெடா, பெடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம்.சாமி தலைமையிலான தொண்டர் படை, கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடியது. பால்மரம் வெட்டிய தொழிலாளிகள் அதற்காகக் கைதானார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் பட்டணத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் தள்ளப்பட்ட பிறகு, கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது. கைக்கு அடக்கமான சின்னப் போத்தல், சில வெள்ளி விலை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. 2017 டிசம்பரில்தான் மது வாங்கும் வயது 18இலிருந்து 21 ஆனது. அந்த மலிவு மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறைந்த போத்தலில் விற்கக்கூடாது என்ற விதியும் வந்தது. அப்படியும் 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவால் 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மலிவு மது எப்போதுமே ஏழைத் தொழிலாளியைத் தேடித்தான் போகிறது.

இன்னொரு தடையும் உண்டு. இந்தியன் என்றாலே குடிகாரன் என்று ஏளனம் பேசும் வாய்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் மதுவைத் தொடுவதே இல்லை என்பது அந்த வாய்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லாது. அந்த ஏளனத்துக்குத் தீனி போடக்கூடாது என்று நாமும் வீட்டுக்குள் நடப்பதைப் பேசாமல் விட்டோம். ரோஷம்தான், தவறில்லை. ஆனால் அந்த ரோஷத்தின் விலையை வீட்டில் இருக்கும் பெண்ணும் பிள்ளையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இன்று மாலை அந்த டின்னைத் திறப்பது துரையின் கை அல்லவே.

நான் வழக்கறிஞன். குடும்ப வழக்கு, போக்குவரத்து வழக்கு, வேலை நீக்க வழக்கு என்று எது வந்தாலும், மதுவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரியான எதிர்வாதங்கள்தான் வருகின்றன. அவற்றைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அவை இத்தனை ஆண்டு தாக்குப் பிடிக்கின்றன.

"பியர்தானே, சரக்கு இல்லையே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 325 மில்லிலிட்டர் டின், 5 விழுக்காடு மது என்றால், அதில் சுத்தமான ஆல்கஹால் ஏறத்தாழ 13 கிராம். நான்கு டின்னுக்கு 50 கிராமுக்கு மேல். 40 விழுக்காடு விஸ்கியில் 700 மில்லிலிட்டர் போத்தலின் கால் பங்கை எடுத்தால் 55 கிராம். ஆக, தினமும் நான்கு டின் குடிப்பவர் தினமும் ஏறக்குறைய கால் போத்தல் விஸ்கி குடிக்கிறார். கால் போத்தல் விஸ்கி தினமும் போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னால் நாம் என்ன சொல்லுவோம்?

"எவ்வளவு போட்டாலும் ஆள் ஸ்டெடி." இது கல்யாண வீட்டிலும் கேதத்திலும் பாராட்டாகவே சொல்லப்படுகிறது. மருத்துவர்கள் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. முன்பு இரண்டில் வந்தது இப்போது ஐந்தில்தான் வருகிறது என்றால், உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். தள்ளாடுகிறவனுக்கு அவன் உடம்பே போதும் என்று சொல்லிவிடுகிறது. ஸ்டெடியாக நிற்பவருக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

"என் காசில் குடிக்கிறேன்." ஒரு நாளைக்கு 20 வெள்ளி என்றால் மாதம் 600. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஜீவனாம்ச வழக்கில் மனைவியின் தரப்பு கணவரின் வங்கிக் கணக்கைக் கேட்கும்போதுதான் பலர் இந்தக் கூட்டலை முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

"நினைச்சா நிறுத்திடுவேன் சார். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கேனே!" இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். 48 நாள் தொடாமல் இருந்து, கை நடுக்கமோ வேர்வையோ தூக்கமின்மையோ வராதவருக்கு நல்ல செய்திதான். உடம்பு இன்னும் அடிமையாகவில்லை. ஆனால் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 48 நாளும் எப்படிக் கழிந்தன? முருகனை நினைத்தா, காலண்டரைப் பார்த்தா? காவடி இறக்கிய அன்று மாலை எங்கே இருந்தீர்கள்? விரதம் முடிந்த வாரத்தில் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்தவர் நிறுத்தவில்லை, ஒத்திப் போட்டிருக்கிறார்.

கடைசியாக, எல்லாவற்றையும் அடித்துப் போடும் வாதம்: "நான் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை." இதற்கு என்னிடம் வந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்ட மாட்டேன். லோரி ஓட்டுநர், நாற்பது வயதுக்குள், மூன்று பிள்ளைகள். இரவு ஒரு மணிவரை நண்பர்களோடு குடித்தார். வீட்டுக்குப் போய்த் தூங்கினார். காலை ஆறு மணிக்குக் குளித்து, கோப்பி குடித்து, வண்டியை எடுத்தார். வழியில் ரோட் பிளாக். ஊதச் சொன்னார்கள். அளவுக்கு மேல் காட்டியது. "நான் தூங்கி எழுந்துதானே வந்தேன், குடிகாரன் இல்லையே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. சட்டம் அதைக் கேட்கவே இல்லை.

உடம்பு மதுவை மெதுவாகத்தான் வெளியேற்றும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மணிக்கு சராசரியாக 15 மில்லிகிராம் குறையும். கோப்பியோ குளியலோ தயிரோ அதை வேகப்படுத்தாது. இரவு ஒரு மணிக்கு 150 இருந்தால் காலை ஆறு மணிக்கு 75 இருக்கும். முன்பு சட்ட வரம்பு 80. 2020 அக்டோபரிலிருந்து அது 50. மூச்சில் 35 மைக்ரோகிராமாக இருந்தது 22 ஆனது. அதாவது பழைய சட்டத்தில் தப்பியிருக்கக்கூடிய அதே ஆள், அதே காலையில், இன்று குற்றவாளி. முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, குறைந்தது இரண்டு ஆண்டுக்கு லைசென்ஸ் பறிப்பு. மரணம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை. லைசென்ஸ் இல்லாத லோரி ஓட்டுநருக்கு யார் வேலை கொடுப்பார்? அந்த வீட்டில் மூத்த பிள்ளை அந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுத வேண்டியவள்.

வேலைச் சட்டத்திலும் இதே கதைதான். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தக்க காரணமோ தகவலோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் வராதவர், வேலை ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படலாம். சம்பள வாரத்துக்குப் பிந்திய திங்கள், செவ்வாய், புதன் எப்படிப் போகின்றன என்று எம்சி தாள்களை எடுத்து வைத்துப் பாருங்கள்.

சரி, எப்படித்தான் தெரிந்துகொள்வது? மருத்துவர்கள் பயன்படுத்தும் நான்கே கேள்விகள் இருக்கின்றன. குடியைக் குறைக்க வேண்டும் என்று நீங்களே எப்போதாவது நினைத்ததுண்டா? மற்றவர்கள் உங்கள் குடியைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்து மனம் குறுகுறுத்ததுண்டா? காலையில் எழுந்தவுடன் நடுக்கம் தீரவோ தலைபாரம் இறங்கவோ குடித்ததுண்டா? இவற்றில் இரண்டுக்கு 'ஆம்' வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நான்காவது கேள்விக்கு மட்டும் 'ஆம்' என்றாலும் போங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விச் சோதனை ஒன்றும் உண்டு. அதில் எட்டுப் புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. நேர்மையாகப் பதில் சொன்னால்தான் இவை வேலை செய்யும், அதுதான் சிக்கல்.

அதனால் நான் வேறொரு வழி சொல்வேன். உங்கள் மனைவியிடம், "நான் அதிகமா குடிக்கிறேனா?" என்று கேட்காதீர்கள். சண்டை வேண்டாம் என்று, "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். "ராத்திரியில என்கிட்ட சொல்லாம தள்ளிப் போட்ட விஷயம் என்னென்ன?" என்று கேளுங்கள். எத்தனையோ சத்தியப் பிரமாணங்களை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பெண்கள் சொல்வதில் அடி உதை எப்போதும் முதலில் வருவதில்லை. "பள்ளிக்கூடக் காசு கேக்கணும்னா ஆறு மணிக்கு முன்னாடி கேட்டுடணும்" என்று ஆரம்பிப்பார்கள். மோட்டார் வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே அப்பா இன்று எப்படி வந்திருக்கிறார் என்று சொல்லிவிடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் எல்லாருடைய கடிகாரமும் உங்கள் டின்னை வைத்து ஓடுகிறது என்றால், எத்தனை டின் என்பது இரண்டாவது கேள்விதான்.

(ஆண்களையே பார்த்து எழுதுகிறேன் என்று சகோதரிகள் குறைப்பட வேண்டாம். பெண்களும் குடிக்கிறார்கள். அவமானத்துக்குப் பயந்து இன்னும் ஆழமாக மறைத்துக் குடிக்கிறார்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகள் அவர்களுக்கும் பொருந்தும்.)

கை நீளும் வீடுகளில் இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. குடி வெறியில் அடித்தார் என்பது அடித்ததற்கு மன்னிப்பாகாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், 2018 முதல் சமூக நலத்துறை அதிகாரியே ஏழு நாட்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும். அதற்கு நீதிமன்றம்வரை அலைய வேண்டியதில்லை. 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

கேள்வியைக் கேட்டுப் பதிலும் தெரிந்துவிட்டவர்கள் அவசரப்பட்டு ஒரு காரியம் செய்துவிடக் கூடாது. பல ஆண்டு தினமும் அதிகம் குடித்தவர், காலையில் கை நடுங்குகிறவர், சாமி படத்தின் முன் சத்தியம் செய்து ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பிதற்றலாம். இது உயிரையே பறிக்கக்கூடியது. வீட்டில் இருப்பவர்கள் காற்றுக் கருப்பு என்று மந்திரிக்கத் தூக்கிப் போகாமல் உடனே 999ஐ அழைக்க வேண்டும். இனிப்பு நீருக்கு ஊசி போட்டுக்கொள்பவர் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்குவதும் உண்டு; அதையும் போதை மயக்கம் என்று விட்டுவிடுகிறோம்.

இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். படிப்படியாக நிறுத்தவும் நடுக்கத்தைத் தாங்கவும் மருந்து உண்டு. கோலாலம்பூர் போன்ற நகரங்களில், பெயரைச் சொல்லாமலே போய் உட்காரக்கூடிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் நடக்கின்றன, காசு வாங்குவதில்லை.

கிளினிக்கில் டாக்டர், "குடிப்பீர்களா?" என்று கேட்டால், "எப்பவாவது, சோஷியல்" என்று சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை டின், வாரத்தில் எத்தனை நாள் என்று எண்ணைச் சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போய் நீட்டுங்கள். வேலை போய்விடும் என்ற பயம் வேண்டாம். முதலாளியிடம் காட்டுவதற்கு டைம் ஸ்லிப் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கூட வர ஆள் இல்லை என்றால் நம் இயக்கத் தோழர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். எதற்கு என்று கேட்காமல் வருவார்கள்.