2,000 அடிக்கும் 5,000 அடிக்கும் நடுவில்: பாசிர் கூடாங் வானம் யார் கையில்?

பெர்மாஸ் ஜெயாவில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. செனிபோங் பக்கம் மீன் சாப்பிடப் போனால் எதிரே நீரிணை, அதற்கு அப்பால் சிங்கப்பூர். அவ்வப்போது விமானச் சத்தம், ஹெலிகாப்டர் சத்தம். தண்ணீரில் எல்லை எங்கே இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். வானத்தில்?

"வானம்தானே, அதுக்கு எதுக்கு எல்லை?" என்று நமக்குத் தோன்றும். ஸ்கைடைவிங், அதாவது விமானத்திலிருந்து வான்குடையோடு குதிப்பவர்களிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். வானம் முழுக்கக் கோடுகள்தான் என்பார்கள்.

2019 ஜனவரி 2ஆம் தேதி பாசிர் கூடாங்கிற்கு மேலே அப்படி ஒரு கோடு போடப்பட்டது. 2,000 அடியிலிருந்து 5,000 அடி வரை உள்ள வான்வெளியைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக மலேசியா அறிவித்தது. குதித்து விழும் ஒருவர் அந்த 3,000 அடியைச் சுமார் 17 விநாடியில் கடந்துவிடுவார். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான அந்தச் சர்ச்சை அடங்கவோ ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது.

அப்போது என்ன நடந்தது? பிரச்சினை முழுசா முடிஞ்சதா? பார்ப்போம்.

வானத்திலிருந்து குதிப்பவர்களுக்கு அரசியல் எதற்கு?

பொழுதுபோக்கு ஸ்கைடைவிங்கில் பெரும்பாலும் 10,000 முதல் 14,000 அடி உயரத்தில் விமானத்தை விட்டுக் குதிப்பார்கள். வயிறு கீழே பார்த்தபடி விழும்போது வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். ஒரு நிமிடத்திற்குள் வான்குடையை விரித்தாக வேண்டும். பயிற்றுநரோடு சேர்ந்து குதிப்பவர்களுக்குச் சுமார் 5,000 அடியில் விரியும். அனுபவசாலிகள் 3,000 அடி வரைகூட வருவார்கள்.

விரித்த பிறகு கதையே மாறிவிடும். விநாடிக்கு ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 5,000 அடியிலிருந்து 2,000 அடிக்கு இறங்க மூன்று நிமிடம் பிடிக்கும். அந்த மூன்று நிமிடத்தில் குறுக்கே ஒரு விமானம் வந்தால், விலகிப் போகும் வேகம் வான்குடைக்குக் கிடையாது.

அதனால்தான் கட்டுப்பாட்டில் உள்ள வான்வெளியில் யாரும் நினைத்த நேரத்தில் குதிக்க முடியாது. விமானி முதலில் கட்டுப்பாட்டு அதிகாரியோடு வானொலியில் பேச வேண்டும். "இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள்" என்று பதில் வந்தால் மேலேயே வட்டமடிக்க வேண்டியதுதான். எரிபொருள் செலவாகும், மேகம் வந்து மூடும், சில நாள் குதிக்காமலே இறங்க வேண்டி வரும்.

ஆகவே எந்த வான்வெளி யாருக்கு, எவ்வளவு உயரம் வரை, யாரிடம் அனுமதி கேட்பது என்ற பேச்சு குதிப்பவர்கள் கூடும் இடங்களில் தானாகவே வந்துவிடும். அமெரிக்க பாராசூட் சங்கம் குதிப்பவர்களுக்கு உரிமம் வழங்குவதோடு நிற்பதில்லை. வான்வெளி, விமான நிலையப் பயன்பாடு பற்றி அரசாங்கத்தோடு பேசுவதும் அதன் வேலை.

ஜோகூரில் ஸ்கைடைவிங் என்றால் பலரும் சொல்லும் பெயர் செகாமாட். மாநிலத்தின் வடக்கே, சிறு விமானத் திடல் உள்ள ஊர். பெர்மாஸ் ஜெயாவைச் சுற்றி அதைக் கற்பனை செய்வதே கஷ்டம். ஒரு பக்கம் செனாய், மறுபக்கம் சிலேத்தார், சாங்கி, பாய லேபார், செம்பவாங். இத்தனை விமானத் தளங்களுக்கு நடுவே மிஞ்சும் வானம் ரொம்பக் குறைவு.

2018 டிசம்பரில் என்ன நடந்தது?

சிலேத்தார் விமான நிலையத்தின் புதிய பயணிகள் முனையம் 2018 நவம்பரில் திறக்கப்பட்டது. சாங்கிக்குப் போய்வந்த ஃபயர்ஃபிளை விமானங்கள் டிசம்பர் 1 முதல் அங்கே மாறுவதாக இருந்தது.

அதற்காகச் சிங்கப்பூர் ஐஎல்எஸ் எனப்படும் கருவிவழித் தரையிறக்க முறையை அறிவித்தது. 2019 ஜனவரி 3ஆம் தேதி அது நடப்புக்கு வர வேண்டும். வடக்கிலிருந்து இறங்கும் விமானங்களின் பாதை பாசிர் கூடாங்கிற்கு மேலே அமைந்தது.

டிசம்பர் 4ஆம் தேதி அன்றைய போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தார். இந்தப் பாதையால் பாசிர் கூடாங்கில் கட்டட உயரத்திற்கு வரம்பு வரும், துறைமுகப் பணிகளும் பாதிக்கப்படும் என்பது மலேசியாவின் வாதம். தென் ஜோகூர் வான்வெளியின் நிர்வாகத்தை 2019 இறுதி, 2023 இறுதி என இரண்டு கட்டமாகத் திரும்பப் பெறும் எண்ணத்தையும் அவர் அறிவித்தார்.

சிங்கப்பூர் இதை ஏற்கவில்லை. விமானங்கள் ஏற்கெனவே வந்துபோகும் பாதையைத்தான் புதிய முறையும் பின்பற்றுகிறது, புதிதாக எந்தப் பாதிப்பும் இல்லை என்றது. இதுபற்றி 2017 டிசம்பரிலேயே மலேசியாவிடம் தெரிவித்ததாகவும் சொன்னது.

அதன் பிறகுதான் அந்த 2,000 – 5,000 அடி கட்டுப்பாடு வந்தது. ராணுவ நடவடிக்கைகளுக்கான பகுதி என்பது மலேசியா தந்த காரணம்.

அதே சமயத்தில் ஜோகூர் பாரு, துவாஸ் துறைமுக எல்லைகள் பற்றிய தகராறும் ஓடிக்கொண்டிருந்தது. கடலிலும் சண்டை, வானத்திலும் சண்டை என்று இரு பக்கமும் சூடு ஏறியது.

ஒரு தரையிறக்கும் கருவிக்கு இவ்வளவு ரகளையா?

கணக்கைப் பார்த்தால் புரியும். ஐஎல்எஸ் கருவி ஓடுபாதையிலிருந்து வானொலிக் கற்றையை அனுப்பும். மழையோ மூட்டமோ, கண்ணுக்கு ஓடுபாதை தெரியாவிட்டாலும் விமானி அந்தக் கற்றையைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் இறங்கலாம். வழக்கமான சரிவு 3 பாகை.

3 பாகை என்றால், ஓடுபாதையை விட்டு ஒவ்வொரு கிலோமீட்டர் தள்ளிப் போகும்போதும் உயரம் சுமார் 52 மீட்டர் கூடும். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் விமானம் 105 மீட்டர் உயரத்தில் இருக்கும். மூன்று கிலோமீட்டரில் 157 மீட்டர்.

அதற்குக் கீழே இருப்பவை அந்த உயரத்தைவிட இன்னும் கணிசமாகத் தாழ்வாக இருக்க வேண்டும். இது அனைத்துலகப் பாதுகாப்பு விதி. கொள்கலன் துறைமுகத்தின் பெரிய பாரந்தூக்கிகள் கையைத் தூக்கி நிற்கும்போது 100 மீட்டரைத் தாண்டுபவை உண்டு. ஆக, சிங்கப்பூரில் வைக்கும் ஒரு கருவி ஜோகூரில் யார் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதைத் தீர்மானிக்கக்கூடும். மலேசியாவின் மனக்குறை இதுதான்.

சிங்கப்பூர் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. மோசமான வானிலையில் கண்ணை மட்டும் நம்பி இறங்குவதைவிடக் கருவியின் துணையோடு இறங்குவது பாதுகாப்பானது. இரண்டுமே பாதுகாப்பு, வளர்ச்சி சார்ந்த வாதங்கள். அதனால்தான் யார் சரி, யார் தப்பு என்று ஒரே வரியில் சொல்ல முடியவில்லை.

நம்ம வானத்தை சிங்கப்பூர் ஏன் பார்த்துக்கொள்கிறது?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். உரிமை வேறு, நிர்வாகம் வேறு.

ஒரு நாட்டின் நிலத்திற்கும் கடல் எல்லைக்கும் மேலே உள்ள வான்வெளி முழுமையாக அந்த நாட்டிற்கே சொந்தம். 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் முதல் விதியே அதுதான். பாசிர் கூடாங் வானம் மலேசியாவின் வானம். அதில் சர்ச்சையே இல்லை.

ஆனால் விமானங்களை வழிநடத்தும் வேலையை இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்கலாம். 1974ஆம் ஆண்டு கோலாலம்பூர், சிங்கப்பூர் கட்டுப்பாட்டு நிலையங்களுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி தென் ஜோகூர் வான்வெளியில் அந்தப் பணியைச் சிங்கப்பூர் செய்துவருகிறது. வீடு நம்முடையது, வாசலில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துபவர் பக்கத்து வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

2019 ஜனவரி 8ஆம் தேதி வெளியுறவு அமைச்சர்கள் சைஃபுடின் அப்துல்லாவும் விவியன் பாலகிருஷ்ணனும் சந்தித்தார்கள். மலேசியா கட்டுப்பாட்டுப் பகுதியை நிறுத்திவைத்தது. சிங்கப்பூர் ஐஎல்எஸ் முறையை ஒரு மாதத்திற்கு நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டது.

ஏப்ரல் தொடக்கத்தில் போக்குவரத்து அமைச்சர்கள் அந்தோணி லோக்கும் காவ் பூன் வானும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். ஐஎல்எஸ் முறையைச் சிங்கப்பூர் மீட்டுக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பகுதியை மலேசியா காலவரையின்றி நிறுத்திவைத்தது. பதிலுக்கு ஜிபிஎஸ் அடிப்படையிலான தரையிறக்க முறையை உருவாக்க இரு தரப்பும் இணங்கின. தரையிலிருந்து வரும் கற்றையைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், ஜிபிஎஸ் முறையில் பாதையை வகுக்கக் கொஞ்சம் கூடுதல் இடம் உண்டு.

ஏப்ரல் 22ஆம் தேதி ஃபயர்ஃபிளை சிலேத்தாருக்குப் பறந்தது. ஏறக்குறைய ஐந்து மாதமாகச் சிங்கப்பூர்ச் சேவையை இழந்திருந்த அதன் பயணிகளுக்கு அன்றுதான் பிரச்சினை முடிந்தது.

தீர்ந்தது தரையிறங்கும் முறை பற்றிய தகராறு மட்டும்தான். 1974 உடன்பாட்டை மறுபரிசீலனை செய்யும் பெரிய கேள்வி பேச்சுவார்த்தை மேசைக்குப் போனது. 2025 ஜனவரியில் புத்ராஜெயாவில் இரு நாட்டுப் பிரதமர்களும் சந்தித்தபோதும் வான்வெளி பேசவேண்டிய விவகாரங்களின் பட்டியலில் இருந்தது.

மற்ற நாடுகளில் எப்படி?

இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளுக்கு மேலேயும் இதே கேள்வி இருந்தது. 2022 ஜனவரியில் பிந்தானில் கையெழுத்தான உடன்பாடு 2024 மார்ச் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தது. எல்லைக்கோடு இந்தோனேசியாவுக்குச் சாதகமாக மாறியது. ஆனால் குறிப்பிட்ட பகுதிகளில் 37,000 அடி வரை விமானங்களை வழிநடத்தும் பணி 25 ஆண்டுக்குச் சிங்கப்பூரிடமே ஒப்படைக்கப்பட்டது.

ஐரோப்பாவில் சூரிக் விமான நிலையம் ஜெர்மானிய எல்லைக்கு அருகில் உள்ளது. தென் ஜெர்மனியின் ஒரு பகுதி வான்வெளியைச் சுவிஸ் நிறுவனம் கவனிக்கிறது. விமானச் சத்தம் தாங்காமல் 2003இல் ஜெர்மனி அதிகாலை, இரவு நேரத் தரையிறக்கங்களுக்குக் கட்டுப்பாடு போட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் கொடுமை. 2002 ஜூலை 1ஆம் தேதி இரவு ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். வானம் ஜெர்மனியுடையது, வழிநடத்தியது சுவிஸ் நிறுவனம். அந்த ஒப்படைப்புக்கு முறையான உடன்படிக்கை இல்லாததால் ஜெர்மனியே பொறுப்பு என்று 2006இல் கான்ஸ்டன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையை ஒப்படைத்துவிட்டால் பொறுப்பும் போய்விடும் என்று இருக்க முடியாது என்பதை அது காட்டியது.

ஒரே நாட்டிற்குள்ளும் ஒருங்கிணைப்பு தவறலாம். 2022 ஏப்ரல் 20ஆம் தேதி வாஷிங்டனில் ஒரு சிறு விமானம் வட்டமடித்தது. ஆபத்து என்று நினைத்து நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்தே ஆட்களை வெளியேற்றினார்கள். பார்த்தால், பேஸ்பால் அரங்கில் குதிக்க வந்த ராணுவ வான்குடைக் குழு! கட்டடத்தின் காவல்துறைக்கு முன்கூட்டியே தகவல் போகவில்லை. வானத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு தவறினால்கூட இப்படி ஆகும்.

பெர்மாஸ் ஜெயாவில் இருப்பவருக்கு இதில் என்ன?

பாசிர் கூடாங் பட்டத்திற்குப் பேர்போன ஊர். புக்கிட் லாயாங்-லாயாங்கில் நடக்கும் உலகப் பட்டத் திருவிழாவிற்கு எத்தனையோ நாடுகளிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். அதே ஊரில் துறைமுகம், தொழிற்சாலைகள். பக்கத்தில் உயர்ந்துகொண்டே போகும் அடுக்குமாடி வீடுகள். ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலமும் வந்துவிட்டது. கட்டடம் உயரும், டிரோன் பறக்கும், விமானமும் கூடும். மேலே இருக்கும் இடம் மட்டும் கூடப்போவதில்லை.

அடுத்த முறை "வான்வெளி விவகாரம்" என்று செய்தி வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

- சர்ச்சை உரிமையைப் பற்றியதா, நிர்வாகத்தைப் பற்றியதா?
- எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை?
- அதனால் கீழே இருப்பவர்களுக்கு என்ன வரம்பு வரும்?

முதல் கேள்வியை அரசியல்வாதிகள் சத்தமாகப் பேசுவார்கள். இரண்டாவதை விமானிகளும் குதிப்பவர்களும் கவனிப்பார்கள். மூன்றாவதை நாம்தான் கேட்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பாதைக்குக் கீழே வீடு வாங்குபவரும், துறைமுகத்தில் வேலை பார்ப்பவரும் நாம்தான்.