கூண்டில் ஏறாத சாட்சி

ஏழாண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க ஒவ்வொரு குற்றத்திலும் தடயவியல் நிபுணர் சம்பவ ஸ்தலத்துக்கே சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு விதித்தபோது, லத்தியை நம்பி நடந்த புலன்விசாரணை இனியேனும் விஞ்ஞானத்தை நம்பி நடக்கும் என்று நாமும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியை அதே சட்டத்தின் 329ஆம் பிரிவு குலைத்துவிட்டது. சர்க்கார் விஞ்ஞான நிபுணரின் அறிக்கையை, எழுதியவர் நீதிமன்றப் படியேறாமலேயே சாட்சியமாகக் கொள்ளலாம் என்ற பழைய ஏற்பாட்டைப் புதிய சட்டத்திலும் நீடிக்கவிட்ட முடிவை, தெரிந்தே செய்யப்பட்ட தவறென்று கருதுகிறோம்.

1849இல் சென்னையில் நிறுவப்பட்ட ரசாயனப் பரிசோதகர் ஸ்தாபனமும் அதன் வழிவந்தவையும், இறந்தவர் குடலில் பாஷாணம் உண்டா என்பது போன்ற கேள்விகளுக்கு விடை கூறிவந்த காலத்தில், அந்த அதிகாரியை ஜில்லா ஜில்லாவாக அலைக்கழிக்க வேண்டாம் என்ற சௌகரியத்துக்கு 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 510ஆம் பிரிவில் இடமளித்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதை 293ஆம் பிரிவாக்கிக்கொண்டது. ஆனால் பலருடைய உயிரணுக்கள் கலந்துகிடக்கும் ஒரு கறையிலிருந்து மரபணுவைப் பிரித்து, அது இன்னாருடையதாக இருக்கக்கூடும் என்று நிகழ்தகவைக் கணிக்கும் இன்றைய சோதனையில், கருவியின் விடையோடு நிபுணரின் அபிப்பிராயமும் சேர்ந்தே இருக்கிறது. மாதிரி போதுமான அளவில் கிடைத்ததா, வழியில் மாசுபட்டதா, சோதித்தவரும் கையெழுத்திட்டவரும் ஒருவர்தாமா என்பனவற்றை அறியக் குறுக்கு விசாரணையே எதிரிக்கு உள்ள வழி. நீதிமன்றம் விரும்பினால் நிபுணரை அழைக்கலாம் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆயினும் அவர் நேரில்தான் வரவேண்டுமென்று குறிப்பாக ஆணையிடாதவரை, வழக்கின் விவரம் தெரிந்த வேறோர் அதிகாரியை அனுப்பிவிடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கவே பொருளில்லாமல் சிறையிலிருக்கும் ஏழை, எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தனக்குச் சொல்லித்தர ஒரு விஞ்ஞானியை எங்கே தேடுவான்? அந்த அறிக்கையின் பலத்தில் அவனுக்குத் தூக்குத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

இது வீண் அச்சமன்று. 2012இல் டெல்லியில் கடத்தப்பட்ட ஓர் இளம்பெண் கொடூரமாகக் கொல்லப்பட்ட சாவ்லா வழக்கில், பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுக்கப்பட்ட மாதிரிகள் 27ஆம் தேதிவரை காவல் நிலையச் சரக்கறையிலேயே கிடந்தன. மரபணு அறிக்கையின் அடிப்படையையோ, சோதனை முறை சரிவரக் கையாளப்பட்டதா என்பதையோ கீழ் நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்று கண்டு, மரண தண்டனை பெற்றிருந்த மூவரையும் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் விடுவித்தது. மகளை இழந்த பெற்றோருக்கும் அதனால் நீதி கிட்டவில்லை. புதிய சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது அதற்கு ஒன்பது மாதங்களுக்குப் பிறகு! போதைப்பொருள் அறிக்கையை எழுதிய ஆய்வாளர் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009லேயே தீர்ப்பளித்திருந்ததும் சட்டம் இயற்றியவர்கள் அறியாததன்று. 2025 ஜூலையில் நம் தேனி மாவட்டத்துச் சுருளி அருவிக் கொலை வழக்கிலும் மரண தண்டனைக் கைதி ஒருவர் விடுதலையானார். அந்தத் தீர்ப்பில், மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், அவை கைமாறியதற்கெல்லாம் பதிவேடு வைக்க வேண்டும் என்று, சட்டம் இயற்றியவர்கள் எழுதியிருக்க வேண்டியதை நீதிபதிகள் எழுத நேர்ந்தது.

மத்தியில் மாறி மாறி ஆட்சி செய்தவர்களின் பூர்வ சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இந்த முடிவில் வியப்பிராது. மயக்க மருந்து செலுத்திப் பேசவைப்பதை விஞ்ஞானம் என்று கொண்டாடி, மனிதரைப் பலவந்தமாக மேஜைமீது கிடத்துவதை ஆண்டுக்கணக்கில் அனுமதித்தவர்கள் இவர்கள். சம்மதமின்றி அதைச் செய்வது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை இவர்கள் மனச்சாட்சி உறுத்தவில்லை. மூளையின் மின்னலைகளைப் படித்துக் குற்றத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் சோதனையை, அதன் நம்பகம் நிலைநாட்டப்படுமுன்பே வழக்குகளுக்குள் நுழையவிட்டார்கள். 2008இல் புனே நீதிமன்றம் ஒன்று அதையும் ஆதாரமாகக் கொண்டு ஆயுள் தண்டனை விதித்தது. மரபணு ஆய்வகங்களுக்கு அங்கீகாரமும் ஒழுங்குமுறையும் வகுக்க 2019இல் கொண்டுவந்த மசோதாவை நான்காண்டு கிடப்பில் போட்டு, 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதமே, அந்த ஆய்வகங்களின் அறிக்கைகளை நம்பித் தண்டிக்கும் சட்டத்தை மேஜையில் வைத்தார்கள். ஆய்வகங்களுக்கு ஒழுங்குமுறை அவசியமில்லை என்றும், அவற்றின் காகிதத்தைக் கேள்வி கேட்கவும் அவசியமில்லை என்றும் ஒரே மூச்சில் சொல்வது அக்கிரமம்.

329ஆம் பிரிவைத் திருத்தியாக வேண்டும். புலன்விசாரணை செய்யும் போலீஸுக்கு எஜமானர்களாக இருப்போரின் பிடியிலிருந்து ஆய்வகங்கள் விடுபடவும், எதிரியின் தரப்புக்கும் விஞ்ஞானத்தின் துணை கிட்டவும் தக்க ஏற்பாடுகளை நாடாளுமன்றம் தாமதமின்றிச் செய்ய வேண்டும். 176ஆம் பிரிவை அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தந்தவர்கள், இதற்கும் அவ்வளவு காலம் கேட்பார்களானால் அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ள முடியாது.