பழைய டிஸ்க்கில் இருக்கும் நம் தமிழ்

கைப்பேசியில் நினைத்தவுடன் தமிழில் தட்டுகிறோம். டாஸ் காலத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. ஆங்கில எழுத்துகள் கணினிக்குள்ளேயே இருந்தன. தமிழ் எழுத்தையோ நிரல்தான் திரையில் புள்ளி புள்ளியாக வரைந்து காட்ட வேண்டும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய 'முரசு' அந்தக் காலத்து முயற்சிதான். யூனிகோடில் தமிழ் சேர்ந்தது 1991-இல். அது பரவலாகும் வரை ஒவ்வொரு நிரலும் 'அ' எழுத்துக்கு ஒவ்வோர் எண்ணைக் கொடுத்து வந்தது.

அதனால் வரும் சிக்கலை அண்மையில் நேரில் பார்த்தேன். ஈப்போவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் 3.5 அங்குல டிஸ்க் ஒன்றைக் கொடுத்தார். அவர் பணியாற்றிய தோட்டப் பள்ளியின் ஆண்டு மலர் அதில் இருந்தது. அந்தத் தோட்டத்தில் இன்று ரப்பர் மரமும் இல்லை, லயமும் இல்லை, எங்கும் செம்பனைதான். மலரின் அச்சுப் பிரதியும் அவரிடம் இல்லை. கோப்பை நோட்பேடில் திறந்தால் வெறும் கிறுக்கல். நல்ல வேளையாக, அந்தத் தமிழ் நிரலும் அதே டிஸ்க்கில் இருந்தது.

டாஸ் நிரல்கள் 16 பிட் வகை. இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றை நேரடியாக இயக்காது. இதற்குக் கைகொடுப்பது 2002 முதல் கிடைக்கும் 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள். பழைய கணினியையும் அதன் திரை அட்டையையும் போல அது நடித்துக் காட்டும்.

முதலில் டிஸ்க்கின் மூலையில் உள்ள சிறு துளையைத் திறந்து வையுங்கள். தவறிக்கூட எதுவும் அழியாது. யுஎஸ்பி டிஸ்க் டிரைவ் வழியாக எல்லாக் கோப்புகளையும் கணினிக்கு நகலெடுங்கள். அந்தக் கோப்புறையை டாஸ்பாக்ஸ் சின்னத்தின் மேல் இழுத்து விட்டு, நிரலின் பெயரைத் தட்டுங்கள். வேகம் போதாவிட்டால் கண்ட்ரோலும் எஃப்12-உம் சேர்த்து அழுத்துங்கள். கண்ட்ரோலும் எஃப்5-உம் அழுத்தினால் திரை படமாகச் சேமிக்கப்படும். அந்தப் படத்தைப் பார்த்து யூனிகோடில் தட்டிக்கொள்ளலாம்.

அன்றைய ஓவிய நிரல்களையும் இப்படி இயக்கிப் பார்க்கலாம். பிசிஎக்ஸ் வகைப் படம் மட்டும் போதுமென்றால் இர்ஃபான்வியூ, கிம்ப் போன்ற இன்றைய மென்பொருள்களே அதைத் திறந்துவிடும்.

தமிழ்க் கோப்புக்கு அந்த வசதி இல்லை. அதை எழுதிய நிரலும் எழுத்துருவும் கூடவே வேண்டும். கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு நிரலை வீசினால், பெட்டியை வைத்துக்கொண்டு சாவியைத் தொலைத்த கதைதான்.

தலைமையாசிரியரின் மலர் திறந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. அவர்களில் பலர் இன்று எங்கிருக்கிறார்கள் என்பது அவருக்கே தெரியாது.

கோயில் திருவிழா மலர், இளைஞர் மன்றக் கணக்கு, பள்ளி இதழ் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் பழைய டிஸ்க்குகள் இருக்கலாம். டிஸ்க்கின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. இந்தப் பள்ளி விடுமுறையிலேயே கேட்டு வாங்கி நகலெடுத்து வையுங்கள்.